படகு ஏறினால் பாலம் கனக்குமா?

வேல்ஸும் இங்கிலாந்தும் சந்திக்கும் எல்லையில் சர்க் என்றொரு சிற்றூர். அதை ஒட்டிய பள்ளத்தாக்கின் அடியில் கெய்ரியாக் ஆறு ஓடுகிறது. பள்ளத்தாக்கைத் தாண்ட இரண்டு கல் பாலங்கள் அருகருகே நிற்கின்றன. உயரமானது ரயில் பாலம், 1848-ல் முடிந்தது. அதைவிடச் சுமார் 30 அடி தாழ்வாக நிற்பது கால்வாய்ப் பாலம். உயரத்தில் சிறியது என்றாலும் வயதில் மூத்தது. 1796-ல் அடிக்கல் நாட்டி 1801-ல் முடித்தார்கள்.

ஆற்றின் மேல் பாலம், பாலத்தின் மேல் தண்ணீர், தண்ணீரின் மேல் படகு. முதன்முதலில் பார்க்கிறவர்களுக்குக் கண் ஏமாற்றுகிறதோ என்றுதான் தோன்றும். கன்னியாகுமரி மாவட்டம் மாத்தூரில் பரளியாற்றைக் கடந்து பாசன நீரைக் கொண்டுபோகும் பாலத்தை நம் மக்கள் தொட்டிப்பாலம் என்கிறார்கள். செய்யும் வேலையை அப்படியே சொல்லும் பெயர் என்பதால் சர்க் பாலத்துக்கும் அதையே வைத்துக்கொள்கிறேன். மாத்தூர்த் தொட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. சர்க் தொட்டி 200 ஆண்டுகளுக்கு மேலாகப் படகுகளைக் கொண்டுபோகிறது.

அண்ணன் குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரு செப்டம்பர் கடைசியில் அவர்களோடு அங்கே போயிருந்தேன். பாலத்தின் ஓரமாகக் கம்பி வேலி போட்ட நடைபாதை உண்டு. ஒரு காலத்தில் படகை இழுத்த குதிரைகள் நடந்த பாதை அது. வடகரையில் கால்வாய் நேராக ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்த இருட்டிலிருந்து விளக்கோடு ஒரு நீளமான படகு மெல்ல வெளியே வந்து, பாலத்தின் மேல் ஏறியது. ஏறியது என்று சொன்னாலும் ஏற்றம் ஒன்றும் இல்லை. கால்வாய் ஒரே மட்டத்தில் இருக்கிறது. அப்போதுதான் அண்ணன் மகள் கேட்டாள்.

"சித்தப்பா, இவ்ளோ பெரிய படகு வந்தா பாலத்துக்கு வெயிட் கூடாதா? இருநூறு வருஷப் பாலம்னு சொன்னீங்க?"

நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டேன். "கூடும். அந்தப் பாலத்துல ரயில் போனா கூடுதுல்ல, அதே மாதிரிதான்" என்றாள் உறுதியாக. பெரியவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேராவது இதையே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒரு படகு 15 முதல் 20 டன் வரை எடை இருக்கும். அவ்வளவு எடை பாலத்தின் மேல் வந்து நிற்கிறது. பாரம் கூடாமல் எப்படி இருக்கும்?

ஆனால் கூடுவதில்லை. இதை அன்று மாலை அண்ணன் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்தோம்.

மாவு நிறுக்கும் சின்ன மின்தராசு. அதன் மேல் ஒரு பாத்திரம். விளிம்பு வரை, இன்னொரு சொட்டு விட்டால் வழியும் என்ற அளவுக்குத் தண்ணீர். தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு ஓர் ஆப்பிளை மெதுவாக நீரில் இறக்கினாள். ஆப்பிள் மிதந்தது, தண்ணீர் வழிந்தது. வழிந்த நீரை ஒரு சொட்டு விடாமல் துணியால் ஒற்றி எடுத்தோம். தராசில் பழைய எண்ணே நின்றது. ஆப்பிள் உள்ளே இருக்கிறது, எடையோ மாறவில்லை. அவள் ஆப்பிளை எடுத்து, தண்ணீரை மறுபடி நிரப்பி, இன்னொரு தடவை செய்தாள். மூன்றாவது தடவையும் செய்தாள். நம்ப முடியாததை நம்புவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

நடந்தது இதுதான். மிதக்கும் பொருள் தனக்கு இடம் வேண்டி நீரை விலக்குகிறது. விலகிய நீரின் எடை அந்தப் பொருளின் எடைக்குச் சமம். ஆர்க்கிமிடீஸ் கண்டு சொன்ன இந்த விதியைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆப்பிள் உள்ளே வந்தபோது அதே எடையுள்ள தண்ணீர் வெளியே போனது. வரவும் செலவும் சரி, இருப்பு மாறவில்லை. இப்படி இடம்விட்டுப் போகும் நீரை விலகுநீர் என்று சொல்லலாம்.

பாத்திரத்தை முக்கால் அளவு மட்டும் நிரப்பி ஆப்பிளைப் போட்டிருந்தால் தராசின் எண் கூடியிருக்கும். விலகுநீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே மட்டம் உயர்ந்திருக்கும். ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: சர்க் பாலத்தில் தண்ணீர் வழியவில்லையே, விலகுநீர் எங்கே போனது?

சர்க் தொட்டி மூடிய பாத்திரம் அல்ல. இரண்டு பக்கமும் திறந்த வாய்க்கால். உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ 2009-ல் அறிவித்த இந்தக் கால்வாய்ப் பகுதி 18 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கும் ஒரு நீர்ப்பூட்டுகூடக் கிடையாது. படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கால்வாய்களில் வைக்கும் கதவறையைத்தான் நீர்ப்பூட்டு என்கிறோம். அது இல்லாததால் முழு நீரும் ஒரே மட்டத்தில் கிடக்கிறது. படகு பாலத்துக்கு வருமுன் சுரங்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. அங்கேயும் இதே அளவு நீரைத்தான் விலக்கியிருந்தது. பாலத்துக்கு வந்ததும் அங்கிருந்த நீர் படகைச் சுற்றிப் பின்னால் போய், படகு விட்டுவந்த இடத்தை நிரப்புகிறது. படகும் நீரும் இடம் மாற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இதைப் பாலத்தின் மேலேயே நின்று கண்ணால் பார்க்கலாம். ஒரு மஞ்சள் இலை மிதந்துகொண்டிருந்தது. இந்தக் கால்வாயில் நீர் நிலையாக நிற்பதில்லை. டீ ஆற்றிலிருந்து எடுத்த தண்ணீரைச் செஷயர் மாவட்டத்தில் உள்ள ஒரு நீர்த்தேக்கத்துக்குக் குடிநீருக்காகக் கொண்டுபோவதும் இதே கால்வாய்தான். 1944-ல் படகுப் போக்குவரத்துக்குச் சட்டப்படி மூடியபோதும் இது தூர்ந்துபோகாமல் தப்பியது அந்தக் குடிநீரால்தான். ஆகவே இலை தெற்கே, இங்கிலாந்துப் பக்கம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நகர்ந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து படகு நெருங்கியது. இலை தயங்கியது. நின்றது. படகின் மூக்கு அதைக் கடந்ததும் சட்டென்று திசை மாறி, படகின் பக்கவாட்டில் பின்னோக்கி வேகமாக ஓடியது. படகு போன பிறகு மறுபடி நிதானமாகத் தெற்கே கிளம்பியது. விலகுநீர் படகைத் தாண்டிப் பின்னால் நடந்துபோன தடத்தை அந்த இலை எழுதிக் காட்டியது.

அந்த ஓட்டம் ஏன் அவ்வளவு வேகம்? தொட்டியின் அகலம் 11 அடி, நீரின் ஆழம் 5 அடி. படகு ஏறத்தாழ 7 அடி அகலம். நீருக்குள் இரண்டரை அடி இறங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் குறுக்குப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைப் படகே அடைத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் சந்தில் நீர் பின்னால் போயாக வேண்டும். கணக்குப் போட்டால், படகு போகும் வேகத்தில் கிட்டத்தட்டப் பாதி வேகத்தில் நீர் எதிரே ஓட வேண்டியிருக்கிறது. வேகமாக ஓடும் இடத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழும்; படகும் கூடவே தாழும். நடை வேகத்தில் போகும் படகுக்கே இது சில சென்டிமீட்டர் வரும். அப்படியென்றால், போய்க்கொண்டிருக்கும் படகுக்கு நேர் கீழே பாலத்தின் பாரம் ஒரு துளி குறைகிறது. படகு ஏறினால் பாரம் கூடுமா என்று கேட்டவளிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த சந்தேகத்தை நான் மறக்கமாட்டேன்.

சர்க்கிலிருந்து சில மைல் தள்ளி இதே கால்வாயில் பொன்ட்கசல்த்தே என்ற இன்னொரு தொட்டிப்பாலம் இருக்கிறது. 1805-ல் முடிந்தது, 38 மீட்டர் உயரம், 307 மீட்டர் நீளம், கல் தூண்களின் மேல் முழுக்க முழுக்க வார்ப்பிரும்புத் தொட்டி. அங்கே குதிரை நடக்கும் பாதையை நீருக்குப் பக்கத்தில் வைக்காமல், தொட்டிக்குள்ளேயே தூண்கள் நட்டு நீருக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். பாதைக்கு அடியிலும் நீர் புகுந்து பின்னால் போகலாம். அந்த இலை ஓடிய வழியை அகலமாக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு கோணத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். தொட்டியின் தரை என்ன உணர்கிறது? தரையை அழுத்துவது நீர். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழம் 5 அடியாகவே இருந்தால் அழுத்தமும் மாறாது. மேலே தெரிவது படகா, வெறும் நீரா என்பது தரைக்குத் தெரிய வழியே இல்லை. ஃபிளாண்டர்ஸில் பிறந்த சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர் 1586-ல் வெளியிட்ட நூலில் கிட்டத்தட்ட இப்படித்தான் சிந்தித்தார். நீரின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதே எடையும் அதே வடிவமும் உள்ள திடப்பொருளை அங்கே வைத்தால், சுற்றியிருக்கும் நீருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. படகு என்பது இரும்பும் மரமும் சேர்ந்து தண்ணீர்போல் நடிக்கும் ஒரு துண்டு.

சமையலறைச் சோதனை போதாது என்பவர்களுக்கு ஸ்காட்லாந்தில் பெரிய தராசே இருக்கிறது. 2002-ல் திறந்த ஃபால்கிர்க் சக்கரம், ராட்டினம்போல் சுழன்று படகுகளை 24 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. எதிரெதிர் முனைகளில் இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டரை லட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். ஒன்றில் படகு இருக்கலாம், மற்றொன்றில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் சக்கரம் சமநிலையில் நிற்கும். அதனால்தான் அவ்வளவு பெரிய இரும்புக் கட்டமைப்பை அரைச் சுற்றுச் சுற்றச் சுமார் 1.5 யூனிட் மின்சாரம் போதுமாக இருக்கிறது. படகு வந்த தொட்டி கனத்துப்போகும் என்பது உண்மையானால், இந்தச் சக்கரம் ஒரு நாள்கூட இப்படி ஓடியிருக்காது.

பாரம் மாறாமல் இருப்பதில் கல் பாலத்துக்கு என்ன லாபம்? இங்கே வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லாரியிலிருந்து செங்கல் இறக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாறு கல்லை வரிசையாகச் சேர்த்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் நெருக்கி, ஒரே தூக்காகத் தூக்குவார்கள். நடுக்கல்லை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் அது விழுவதில்லை. நெருக்கம்தான் பிடி. கல்லுக்கு நெருக்கத்தைத் தாங்கும் வலு ஏராளம்; இழுத்தால்தான் மூட்டுகள் விட்டுப்போகும். வளைவுப் பாலம் என்பது எல்லாக் கற்களும் எப்போதும் நெருக்கத்திலேயே இருக்கும்படி அடுக்குவது. செங்கல்காரரின் இரு கைகள் செய்யும் வேலையை வளைவின் இரு பக்கத் தூண்களும் கரைகளும் செய்கின்றன.

எந்த வடிவத்தில் அடுக்கினால் நெருக்கம் குலையாது? 1675-ல் ராபர்ட் ஹூக் இதற்கு விடை கண்டுபிடித்து, பிறர் எடுத்துக்கொள்ளாதபடி எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். 1703-ல் அவர் இறந்தார். புதிரின் விடை இரண்டு ஆண்டு கழித்துத்தான் அச்சில் வந்தது. தொங்கும் சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவின் வடிவம் கிடைக்கும் என்பதே அவர் கண்டது.

நம் வாசல் மாவிலைத் தோரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கம்பங்களுக்கிடையே கயிறு தானாக ஒரு வளைவுக்கு வருகிறது. கயிற்றில் எங்கும் இழுவை மட்டுமே இருக்கும். கயிற்றை நெருக்க முடியாதே. அதே வடிவத்தை அப்படியே உறையவைத்துத் தலைகீழாக நிறுத்தினால், இழுவை இருந்த இடமெல்லாம் நெருக்கமாக மாறிவிடும். கல்லுக்கு வேண்டியது அதுதான். பாரம் வளைவுக்குள் இறங்கிப் போகும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பாதையை உந்துகோடு என்று சொல்லலாம். சர்க் பாலத்தின் பத்து வளைவுகளும் பார்வைக்கு அரைவட்டங்கள், ஒவ்வொன்றும் 40 அடி அகலம். தலைகீழ்த் தோரணம் அரைவட்டமாக இருக்காது. ஆனால் கல் அடுக்கின் கனத்துக்குள் எங்கேயாவது அது முழுதாக அடங்கிவிட்டால் வளைவு நிற்கும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜாக் ஹேமன் 1966-ல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு, பழைய கல் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர்கள் இன்றும் தேடுவது இந்தக் கோட்டைத்தான்.

இப்போது தோரணத்தின் ஒரு பக்கத்தில் ஒரு தேங்காயைக் கட்டுங்கள். கயிறு அந்த இடத்தில் கூராக இறங்கும், மறுபக்கம் மேலே எழும்பும். தேங்காயை நகர்த்திக்கொண்டே போனால் வடிவமும் மாறிக்கொண்டே போகும். ரயில் பாலத்தின் கதி இதுதான். ஒவ்வொரு ரயில் வரும்போதும் வளைவுக்குள் இருக்கும் உந்துகோடு நெளிகிறது. கயிறு வடிவம் மாறித் தப்பித்துக்கொள்ளும். கல் மாற முடியாது. ஆகவே கோடு எப்படி நெளிந்தாலும் கல்லின் கனத்துக்குள்ளேயே இருக்கும்படி தாராளமாகக் கட்டியாக வேண்டும்.

கால்வாய்ப் பாலத்தில் சுமை சீராகப் பரவியிருக்கிறது, முழு நீளத்துக்கும் மாவிலை கட்டியதுபோல். ஒரு வளைவின் மேல் நிற்கும் தண்ணீர் மட்டுமே சுமார் 62 டன். படகு வருவது, நாலு மாவிலையை அவிழ்த்துவிட்டு அதே எடையில் ஒரு பூச்சரத்தைக் கட்டுவது மாதிரி. கயிறு அசையாது. 1801-ல் தொட்டியை நிரப்பிய நாளில் எந்த உந்துகோடு உருவானதோ, படகுகள் எத்தனை ஆயிரம் தடவை போனாலும் அது அங்கேயே கிடக்கும். 21 மீட்டர் உயரத்தில் அத்தனை மெல்லிய தூண்களை நிறுத்த, பாலத்தின் பொறியாளர்களான தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் துணிந்ததில் இந்த நிதானமான சுமைக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் தொட்டிப்பாலத்துக்குப் பகையே இல்லையா? உண்டு. அது சுமக்கும் தண்ணீரேதான். கீழ்நோக்கிய எடை பிரச்சினை இல்லை. நீர் பக்கவாட்டிலும் தள்ளுகிறது, எந்த விரிசலிலும் நுழைகிறது. இவை இரண்டும்தான் பிரச்சினை. 5 அடி ஆழ நீர் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான விசையோடு வெளியே தள்ளும், இரவும் பகலும். தொட்டி அகலமோ குறுகலோ, அந்தத் தள்ளலுக்கு வேறுபாடு இல்லை. ஆழம் மட்டும்தான் கணக்கு.

கசிவைத் தடுக்க அந்தக் காலத்தில் தெரிந்த வழி களிமண். தோண்டி எடுத்த களிமண்ணை அப்படியே கொட்டினால் பயனில்லை. தண்ணீர் விட்டு, வெட்டி, மிதித்து, பிசைந்து, உள்ளே இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் எல்லாம் அழியும்வரை குழைக்க வேண்டும். மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டதும் உண்டு. இதை மிதிகளி என்று சொல்லலாம். நெல் நடும் முன் நம் உழவர்கள் வயலில் தண்ணீர் கட்டித் தொழி உழுவதும் இதே அறிவியல்தான். சேறு குழையக் குழைய மண்ணின் துளைகள் அடைபடும். பாய்ச்சிய நீர் கீழே இறங்காமல் வயலில் நிற்கும். இங்கிலாந்தின் முதல் பெரிய கால்வாய்களைக் கட்டிய ஜேம்ஸ் பிரிண்ட்லி, நாடாளுமன்றக் குழுவின் முன் களிமண்ணைக் கொண்டுபோய், அங்கேயே பிசைந்து ஒரு தொட்டி செய்து, நீர் ஊற்றிக் காட்டினார் என்று சொல்வார்கள்.

அவர் மான்செஸ்டர் அருகே இர்வெல் ஆற்றின் மேல் பார்ட்டனில் கட்டிய தொட்டிப்பாலம் 1761-ல் திறந்தது. கல் வளைவுகளின் மேல் மிதிகளியைக் கனமாகப் பரப்பியிருந்தார்கள். முதன்முதலில் நீர் விட்டபோது ஒரு வளைவு நெளியத் தொடங்கியது. பிரிண்ட்லி கவலையில் படுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பணியில் கூட இருந்த ஜான் கில்பர்ட் நிலைமையைப் பார்த்து, வளைவின் பக்கங்களில் பாரம் கூடிப்போயிருக்கிறது என்று புரிந்துகொண்டு, அங்கிருந்த களிமண்ணை அள்ளி அகற்றச் சொன்னார். பிறகு புதிதாகக் களி பரப்பி நீர் விட்டார்கள், வளைவு நின்றது. தோரணத்தில் இரு ஓரங்களிலும் மட்டும் பாரத்தைக் கட்டினால் ஓரங்கள் தொங்கி, நடுப்பகுதி மேலே இழுபடும். தலைகீழாக யோசித்தால் அந்த வளைவு ஏன் நெளிந்தது என்பது புரிந்துவிடும்.

பார்ட்டன் பாலம் 1893 வரை இருந்தது. கடல் கப்பல்கள் மான்செஸ்டருக்கு வர வழிவிட வேண்டியிருந்ததால் இடித்தார்கள். அதற்கு மாற்றாக 1894-ல் வந்த இரும்புத் தொட்டி, இரு முனைகளிலும் கதவை மூடிக்கொண்டு, உள்ளே 800 டன் நீரைச் சுமந்தபடியே பக்கவாட்டில் திரும்பிக் கப்பலுக்கு வழிவிடும். மொத்தம் 1,450 டன். உள்ளே படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 1,450 மாறாது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

சர்க் பாலத்தில் டெல்ஃபோர்டு களிமண்ணின் அந்தக் கனத்தை ஒதுக்கினார். வளைவுக்கும் வளைவுக்கும் இடையே தோள்போல் இருக்கும் முக்கோணப் பகுதியை அதற்கு முன்பெல்லாம் மண் போட்டு நிரப்புவார்கள். நனைந்த மண், கனமான திரவம்போலவே பக்கச் சுவர்களைத் தள்ளும். அவர் அந்த இடத்தைப் பொள்ளலாக விட்டு, உள்ளே நீளவாக்கில் சுவர்களை எழுப்பினார். அந்தச் சுவர்களின் மேல் வார்ப்பிரும்புத் தகடுகளைப் பரப்பி, ஒன்றோடு ஒன்றை ஓரங்களில் திருகாணி போட்டு முடுக்கினார். அதுதான் கால்வாயின் தரை. தகடுகளின் ஓரங்கள் இரு பக்கச் சுவர்க் கற்களுக்குள் புதைந்திருக்கின்றன. ஆகவே நீர் சுவர்களை வெளியே தள்ளும்போது, இரும்புத் தரை இரண்டையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுக்கிறது. கல்லுக்கு நெருக்கம், இரும்புக்கு இழுவை என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பக்கச் சுவர்களுக்குச் செதுக்கிய கல், அதன் பின்னால் நன்றாக வெந்த செங்கல், இடையில் நீருக்குள்ளும் இறுகும் புதுவகைச் சாந்து. அந்தச் சாந்துக்கு ஜேம்ஸ் பார்க்கர் காப்புரிமை பெற்றது 1796-ல், பாலத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே ஆண்டில். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கல், வயிற்றுக்குள் இரும்பு. 1869-ல் பக்கங்களுக்கும் இரும்புத் தகடு போட்டார்கள். அதாவது எழுபது ஆண்டுக்குள் கல் சுவரைத் தாண்டி நீர் வழி கண்டுபிடித்துவிட்டது.

மறுநாள் காலை மறுபடி போனபோது, ஆற்றோரப் புல்வெளிக்கு இறங்கி வளைவுகளின் அடியில் நின்றோம். கீழிருந்து பார்க்கும்போதுதான் பாலத்தின் உயரம் தெரிகிறது. அண்ணாந்து பார்த்தால் கல் மூட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்த கோடுகள். கசியும் நீர் சாந்திலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காற்றுப் பட்டதும் மறுபடி அதைக் கல்லாக விட்டுவிட்டுப் போகிறது. மழைநீரும் இதைச் செய்யும்.

"அப்போ படகு எப்பவுமே பாலத்துக்குத் தெரியாதா?" என்றாள்.

மூழ்கினால் தெரியும் என்றேன். அடியில் ஓட்டை விழுந்து உள்ளே நீர் நிரம்பிவிட்டால் படகு மிதக்காது, தரையில் உட்கார்ந்துவிடும். அப்போது வெறும் இரும்பின் பருமன் அளவுக்கு மட்டும்தான் நீர் விலகும். இரும்பின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கு நேராகத் தரையில் இறங்கும். அந்த ஒரு நாளில்தான் பாலம் படகை உணரும்.

அவள் தூண் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்துப் பாலத்தில் ஒரு ரயில் வந்தது. சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் நிறைந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. பிறகு ஆற்றின் சலசலப்பு மட்டும். தலைக்கு மேலே 21 மீட்டர் உயரத்தில் கால்வாய் இருக்கிறது என்பதற்கே அடையாளம் ஒன்றும் இல்லை.

"இப்ப மேல ஏதாவது படகு போகுதா சித்தப்பா?"

நானும் கல்லில் கை வைத்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.